தமிழ்வாடைக்கு ஒரு பெட்டிச் செய்தி தேவையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கல்விப் பக்கத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரின் பேட்டி வந்திருந்தது. "தமிழ்வாடை போகாத வரை அது ஆங்கிலமே இல்லை" என்று அவர் சொன்னதைத் தனியே எடுத்து, பெரிய எழுத்தில் பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு வியப்பில்லை, அது அவர் பிழைப்பு. பெட்டி கட்டியது நீங்கள் என்பதுதான் வலிக்கிறது. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். உங்கள் இதழை வாங்கிப் படியுங்கள் என்று வகுப்பு வகுப்பாகச் சொன்னவள்.

'கார்' என்பதில் கடைசி ர் ஒலிக்கவே கூடாது என்கிறார் அந்தப் பயிற்சியாளர். ஸ்காட்லாந்துக்காரர்கள் அதை அழுத்திச் சொல்கிறார்கள். அயர்லாந்திலும் ஒலிக்கிறது. அமெரிக்கர்களில் பெரும்பாலோர் ஒலிக்கிறார்கள். அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் நியூயார்க் கடைகளில் செய்த ஆய்வு உங்களுக்குத் தெரியாததல்ல. வசதியானவர்கள் போகும் சாக்ஸ், நடுத்தர மேசிஸ், மலிவு விலை கிளைன் ஆகிய மூன்று கடைகளுக்கும் போய், நான்காவது மாடியில் இருக்கும் பொருள் எங்கே கிடைக்கும் என்று ஊழியர்களிடம் கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்ற பதிலில் ர் ஒலிக்கிறதா என்று குறித்துக்கொண்டார். சாக்ஸில் அதிகம் ஒலித்தது, கிளைனில் மிகக் குறைவு. 1966ல் புத்தகமாகவே வந்த செய்தி இது. ஆக, லண்டனில் ர் விட்டால் கௌரவம், நியூயார்க்கில் ர் சேர்த்தால் கௌரவம். ஒலி ஒன்றுதான். யார் வாயிலிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் மதிப்பு ஏறுகிறது, இறங்குகிறது. அந்தக் காலத்து பிபிசி உச்சரிப்பில் பேசுகிறவர்கள் பிரிட்டனிலேயே நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் என்பது மொழியியலாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மற்றவர்கள் பேசுவதும் ஆங்கிலம்தானே?

நான் பணியில் இருந்தபோது ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், எட்டாம் வகுப்புப் பெண் பாடம் வாசித்ததை அவளைப் போலவே சொல்லிக் காட்டினார். வகுப்பே சிரித்தது. நன்றாக வாசிக்கிற பெண் அவள். அந்த ஆண்டு முழுக்க அவளை எழுந்து வாசிக்க வைக்க என்னால் முடியவில்லை. அந்த அதிகாரி சொன்னதும் இதே 'வாடை'தான். உங்கள் சினிமாப் பக்கத்திலும் கிராமத்துப் பையன் பேசும் ஆங்கிலம் எத்தனை முறை நகைச்சுவைத் துணுக்காக வந்திருக்கிறது! அப்போதெல்லாம் எழுதாமல் விட்டேன்.

அப்படியானால் எதையும் திருத்தவே வேண்டாமா என்று கேட்பீர்கள். திருத்த வேண்டும், திருத்தினேன். 'ஹீ கோ' என்று எழுதிய பிள்ளைகளிடம் 'ஹீ கோஸ்' என்றுதான் எழுத வேண்டும் என்று ஓயாமல் சொல்லியிருக்கிறேன். தேர்வும் வேலையும் அதைத்தான் கேட்கின்றன. ஆனால் இங்கிலாந்தின் நாரிச் நகரத்து உழைக்கும் மக்கள் 'ஹீ கோ' என்றே பேசுவதை மொழியியலாளர் பீட்டர் ட்ரட்கில் 1974லேயே எழுதிவிட்டார். எழுத்துக்கு ஒரு வழக்கு உண்டு, அதைக் கற்றுக்கொள் என்பது வேறு. உன் வாயே சரியில்லை என்பது வேறு.

இந்த வேறுபாட்டுக்காக அமெரிக்காவில் நீதிமன்றமே தலையிட்டது. ஆன் ஆர்பர் நகரில் கறுப்பினப் பிள்ளைகள் சிலருக்குக் கற்றல் குறைபாடு என்று பள்ளி முத்திரை குத்தியபோது தாய்மார்கள் வழக்குத் தொடுத்தார்கள். வாசிக்கக் கற்பிக்கும்போது பிள்ளைகள் வீட்டில் பேசும் கறுப்பின ஆங்கில வழக்கை ஆசிரியர்கள் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 1979ல் தீர்ப்பு வந்தது. ஆசிரியர்களுக்கு அதற்கான பயிற்சியும் கொடுக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று. என் மாணவி ஒருத்தி கிளாஸ்கோவில் செவிலியாக இருக்கிறாள். போன புதிதில் நோயாளிகள் பேசுவது புரியாமல் அழுதிருக்கிறாள். "டீச்சர், நாம கேசட்ல கேட்ட மாதிரி இங்க யாருமே பேசல" என்றாள். இங்கிருந்து போகிற பிள்ளைகள் சிங்கப்பூர்க்காரரோடும் பிலிப்பைன்ஸ்காரரோடும் நைஜீரியரோடும் வேலை பார்க்கிறார்கள். பலவகை ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் பழக்கும் பாடம் ஒன்று வகுப்பில் வேண்டும். அதைப் பற்றி உங்கள் கல்விப் பக்கம் ஒரு வரி எழுதியதில்லை. ர் ஒலியை நீக்கக் காசு வாங்குகிறவருக்கு மட்டும் முழுப் பக்கம்.

நான் கேட்பது சிறிய விஷயம்தான். அந்த வாசகம் பயிற்சியாளரின் சொந்தக் கருத்து என்று அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள். அப்புறம், உங்கள் ஆங்கிலப் பத்தியில் 'தவறு' என்ற தலைப்பின் கீழ் இலக்கணப் பிழையையும் உச்சரிப்பையும் ஒன்றாகச் சேர்த்துப் போடுவதை நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
சாத்தூர்.