அரிசி டிரம்மில் கிடந்த ஜெபமாலை

ஏற்காடு,
தவக்காலம், இரண்டாம் வெள்ளி

அன்புள்ள கண்ணுக்கு,

இயேசுவுக்கே புகழ். அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. "ஜெபம் வரலம்மா. வாய் சொல்லுது, மனசு எங்கேயோ நிக்குது" என்றாய். அடுத்த மூச்சிலேயே, "சரி, அதை விடுங்க, அப்பாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு?" என்று பேச்சை மாற்றிவிட்டாய். எனக்கும் அந்த நேரத்தில் சொல்ல ஒன்றும் வரவில்லை. லைனும் விட்டுவிட்டு வந்தது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். அங்கே தான்சானியாவில் உன் டிஸ்பென்சரி வேலையெல்லாம் முடித்துவிட்டு ராத்திரியில் நிதானமாகப் படி.

மலேரியாவில் போய்விட்ட அந்தப் பையனை உன்னால் மறக்க முடியவில்லை. அவன் அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு சுவாஹிலியில் ஏதேதோ சொல்லி அழுதபோது பாதிதான் புரிந்தது, பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன் என்றாயே, அதுதான் என் மனதை அறுக்கிறது. புரியாவிட்டாலும் நீ கையை எடுக்கவில்லை அல்லவா? அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருக்கும். நானும் பெற்றவள், அதனால் சொல்கிறேன்.

மறைக்கல்வி வகுப்பில் இருபது வருஷம் பிள்ளைகளுக்குச் சவேரியார் கதை சொன்னவள் நான். 1542இல் முத்துக்குளித்துறையில் வந்து இறங்கியபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அவ்வளவு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவருக்கும் மொழி தடுமாறியது. அப்புறம் 1546இல், இப்போது இந்தோனேசியாவில் இருக்கிற அம்போன் தீவில் இருந்தபோது அவர் செய்த ஒரு காரியம் உண்டு. அவருடைய சேசு சபைச் சகோதரர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்களுடைய கையெழுத்தை மட்டும் வெட்டியெடுத்து, துறவியாகத் தான் கொடுத்த வார்த்தைப்பாட்டோடு சேர்த்து எப்போதும் உடம்போடு வைத்துக்கொண்டாராம். சவேரியாரைப் பற்றி எத்தனையோ புதுமைகள் சொல்வார்கள். எனக்கு நெஞ்சில் நிற்பது இந்தக் கையெழுத்துதான். அவருக்கும் ஊரும் உறவும் தேடியிருக்கிறது. உனக்குத் தேடினால் அது குறையில்லை, கண்ணு.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்த்துகலிலிருந்து வந்த வேதபோதகர் அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது 1693 பிப்ரவரி 4. அந்தத் திருநாளில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அவருடைய அம்மாவைப் பற்றி விரிவாகச் சொன்ன பிரசங்கம் ஒன்றுகூட நினைவில்லை. பையன் சின்ன வயதில் சாகக் கிடந்தபோது சவேரியாருக்கு நேர்ந்துகொண்டவள் அந்த அம்மா. பிழைத்ததும் ஒரு வருஷம் சேசு சபை அங்கியை உடுத்திவிட்டாள். அப்படி நேர்ந்துகொண்டவளே, மகன் மதுரை மிஷனுக்குக் கப்பல் ஏறப் போகிறான் என்றதும் தடுக்கப் பெரியவர்களிடமெல்லாம் போய் மன்றாடினாள். மகன் செத்த செய்தி போர்த்துகலுக்குப் போனபோது துக்க உடை உடுத்தாமல், திருநாள் உடையில் அரண்மனைக்கு வந்தாளாம். அந்தப் பின்பாதி எனக்கு எட்டாத உயரம். முன்பாதி மட்டும் நன்றாகப் புரியும். ஏனென்று இப்போது சொல்கிறேன். இதை அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

உன்னைக் கன்னியர் மடத்தில் விட்டுவிட்டு வந்த நாள். போகும்போது சேலம் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் நீ என் தோளில் சாய்ந்துகொண்டே வந்தாய். திரும்பி ஏறும்போது பக்கத்து சீட்டில் யாரோ ஒருவர் பலாப்பழத்தை வைத்திருந்தார். அன்று ராத்திரி ஜெபமாலையை எடுத்தேன். அருள் நிறைந்த மரியே ஜெபத்தில் "உம்முடைய திருவயிற்றின் கனியாகிய" என்ற இடம் வந்ததும் தொண்டை அடைத்துவிட்டது. என் வயிற்றுக் கனியை எடுத்துக்கொண்டீரே என்றுதான் வந்தது. அதற்குமேல் சொல்ல முடியவில்லை.

எறிய மனசில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. சமையலறையில் அரிசி கொட்டிவைக்கும் நீல டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டேன். அப்பாவிடம் அறுந்துபோச்சு என்று பொய் சொன்னேன். மாதாமாதம் புது அரிசியை அதன்மேலேயே கொட்டினேன். ஆனால் படியை உள்ளே விட்டு அளக்கும்போதெல்லாம் எங்கிருந்தாவது வந்து விரலில் மாட்டும். சில நாள் படியோடு வெளியே வரும். உதறி உள்ளே போடுவேன். கோயிலுக்குப் போனேன், போகாவிட்டால் நாலு பேர் கேட்பார்களே என்று. பூசை முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிடுவேன். ஆறு மாதம் இப்படி.

காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கிய சமயம், ரேஷன் அரிசி வரத் தாமதமாகி டிரம் அடி தெரிந்துவிட்டது. குனிந்து வழித்து எடுக்கும்போது அது அடியில் கிடந்தது. மணியெல்லாம் மாவு பூத்து வெள்ளையாக, சிலுவை ஓரத்தில் ஒரு வண்டு. ஊதினேன். முந்தானையால் துடைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்து கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. உலைத் தண்ணீர் கொதித்துச் சுண்டும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. நிம்மதியும் வரவில்லை. மறுநாளும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், அதற்கு மறுநாளும். வார்த்தை எப்போது திரும்பி வந்தது என்று எனக்கே தெரியாது. நான் உட்கார்ந்ததுகூட என் பலம் இல்லை, கண்ணு. ஆறு மாதம் நான் உதறியபோதெல்லாம் விரலைப் பிடித்தவர் அவர்தான் என்று முழு மனதோடு நம்புகிறேன்.

அதனால் மனசு சரியானபின் ஜெபிக்கலாம் என்று தள்ளிப்போடாதே. வாய் மட்டும் சொன்னால் வாய் மட்டும் சொல்லட்டும். வேதபோதக நாடுகளுக்குப் பாதுகாவலி என்று 1927இல் திருச்சபை அறிவித்த பிரான்சு நாட்டுக் கன்னியாஸ்திரி குழந்தை தெரசம்மாளும், கடைசி ஒன்றரை வருஷம் விசுவாச இருட்டில்தான் கிடந்தாள். மடத்தில் எல்லாரோடும் சுவாஹிலியில் சொல்கிறாய், சரி. தனியாக இருக்கும்போது தமிழில் சொல்லிப் பார். சின்னப் பிள்ளையில் சொன்னதையே சொல்லு. இங்கே ராத்திரி ஏழரைக்கு நாங்கள் முழந்தாளிடும்போது உனக்கு மாலை ஐந்து மணி. அந்த நேரத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாலும் எங்களை நினைத்துக்கொள். மதரிடம் மனம்விட்டுப் பேசு. கொசுவலையைக் கட்டிக்கொண்டு படு, சாப்பாட்டைத் தள்ளாதே.

இங்கே பறிப்பு முடிந்துவிட்டது. களத்தில் கொஞ்சம் காப்பிதான் பாக்கி. செடியெல்லாம் மொட்டு வைத்துக் கம்மென்று நிற்கிறது. பூ மழைக்காக அப்பா தினமும் சேர்வராயன் உச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் மலை முழுக்க வெள்ளையாகிவிடும். கிளிமஞ்சாரோ சரிவில் வாழைக்கு அடியில் காப்பி வளர்க்கிறார்கள், அதைக் கொண்டுவந்து நட்டதே மிஷனரிகள்தான் என்று நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து, அது என்ன வகை, எத்தனை அடிக்கு ஒரு செடி என்று அப்பா என்னைக் குடைகிறார். அடுத்த முறை அவரிடமே சொல்லிவிடு.

உங்கள் சபை சிஸ்டர் ஒருவர் அடுத்த மாதம் அங்கே வருகிறார். அவர் கையில் இட்லிப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், இரண்டு பருத்திப் புடவை கொடுத்தனுப்புகிறேன். புடவை மடிப்புக்குள் அந்த ஜெபமாலையும் இருக்கும். மூன்றாவது பத்தில் ஒரு மணி விண்டிருக்கிறது, படி பட்டு உடைந்தது. அதை மாற்றிவிடாதே.

உன் அம்மா