புயலில் விழும் மரத்துக்கு யார் பொறுப்பு? கார்பன் கிரெடிட் ஒப்பந்தங்கள் பற்றி கடலூர் ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்கரையை ஒட்டிய மணல் நிலத்தில் சவுக்கு போட்டுப் பிழைக்கும் விவசாயிகளில் நானும் ஒருவன். கொஞ்ச காலமாக எங்கள் பக்கத்து ஊர்களுக்கு கார்பன் கிரெடிட் நிறுவனங்களின் முகவர்கள் வந்து போகிறார்கள். சவுக்கோ மலைவேம்போ நடுங்கள், கன்று நாங்களே தருகிறோம், மரம் விற்ற காசு உங்களுக்கு, அதற்கு மேல் கார்பன் கிரெடிட் பணமும், அதாவது மரம் காற்றிலிருந்து இழுக்கும் கார்பனைக் கணக்கிட்டு விற்கும் பணமும் வரும் என்கிறார்கள். கையில் முப்பது வருட ஒப்பந்தம் இருக்கிறது. முழுக்க ஆங்கிலம். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறார்கள்.

இந்தத் திட்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. விவசாயிக்குக் கூடுதலாக நாலு காசு வந்தால் நல்லதுதான். ஆனால் புயலில் மரம் போனால் யார் பொறுப்பு என்பதற்கு, எங்கள் ஆட்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுத்தில் பதில் வேண்டும். நாங்கள் கேட்டால் முகவர் சிரித்து மழுப்புகிறார். நீங்கள் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் அவர்கள் சொல்லும் வருமானக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன், அதை 3.67 ஆல் பெருக்கினால் மரம் காற்றிலிருந்து இழுத்த கார்பன் டை ஆக்சைடின் எடை வரும். பச்சை மரத்தில் பாதி தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், எடைமேடையில் ஏறும் ஒரு டன் சவுக்குக்குச் சுமார் 0.9 டன். கிட்டத்தட்ட டன்னுக்கு ஒரு கிரெடிட். ஏக்கருக்கு 40 டன் என்றால் 40 கிரெடிட், அடுத்த வெட்டுக்கு இன்னொரு 40 என்று முகவர் அடுக்கிக்கொண்டே போகிறார்.

இங்கேதான் இடிக்கிறது. சவுக்கை நாம் மூன்று, நான்கு வருடத்தில் வெட்டிவிடுகிறோம். கழி சாரத்துக்கும் பந்தலுக்கும் போகிறது, கட்டை காகித ஆலைக்குப் போகிறது, மிலாறு என்கிற சுள்ளி அடுப்புக்குப் போகிறது. எரித்த மரத்தின் கார்பன் அன்றைக்கே காற்றுக்குத் திரும்பிவிடும். காகிதமாக ஆனதும் ரொம்ப நாள் தங்காது. அதனால்தான் கிரெடிட்டைப் பதிவு செய்யும் வெரா போன்ற அமைப்புகள், வெட்டி வெட்டி நடும் தோப்புகளுக்கு நீண்டகால சராசரி இருப்பு எவ்வளவோ அதற்கு மேல் கிரெடிட் தருவதில்லை. வெறும் தரையில் தொடங்கி 40 டன் வரை வளர்ந்து மறுபடி வெறும் தரையாகும் தோப்பின் சராசரி 20 டன்னைத் தாண்டுவதே கஷ்டம். அந்த அளவைத் தொட்டதும் கிரெடிட் நின்றுவிடும். அடுத்த நடவுக்கு, அதற்கடுத்த நடவுக்குப் புதிதாக ஒன்றும் கிடையாது. ஒப்பந்தம் மட்டும் முப்பது வருடமும் நம் கழுத்தில் இருக்கும். இதை ஒரு முகவரும் ஊரில் சொல்லி நான் கேட்கவில்லை.

இன்னொரு விதியும் இருக்கிறது. கார்பன் பணம் இல்லாவிட்டால் இந்த மரத்தை நட்டிருக்கவே மாட்டார்கள் என்று காட்டினால்தான் கிரெடிட். கடலூர் கடற்கரையில் தாத்தா காலத்திலிருந்தே சவுக்கு இருக்கிறது. ஏற்கெனவே சவுக்கு போடும் நிலத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பது கடினம். அப்புறம் அவர்கள் கண் எங்கே போகும்? மல்லாட்டை (நிலக்கடலை) போடும் நிலத்துக்கு, வயதான முந்திரித் தோப்புக்கு, ஆடு மாடு மேயும் புறம்போக்குக்கு. பண்ருட்டிப் பக்கம் முந்திரியை வெட்டினால் கொட்டை உடைத்துப் பிழைக்கும் பெண்களின் கூலியும் சேர்ந்துதான் போகும். கோயில் காடுகளில் மிச்சம் இருக்கும் பழைய மரங்களை ஒட்டி இந்தத் தோட்டங்கள் வந்துவிடக் கூடாது என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

இனி புயலுக்கு வருகிறேன். 2011 டிசம்பர் 30 அன்று காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. எங்கள் தோப்பில் இளஞ்சவுக்கு எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. வெட்டுக்கு வந்திருந்த மரங்கள் ஆள் உயரத்தில் முறிந்து, முறிந்த இடம் நார் நாராகக் கிழிந்து நின்றது. எல்லோருடைய மரமும் ஒரே நாளில் விழுந்ததால் வெட்ட ஆள் இல்லை, ஏற்ற லாரி இல்லை. வியாபாரி சொன்னதுதான் விலை. பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தானேவோடு முடிந்துவிடவும் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. முப்பது வருட ஒப்பந்தம் என்றால் அதற்குள் இந்தக் கரைக்கு இன்னொரு பெரும் புயல் வரும் என்று எண்ணித்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த மாதிரி இழப்புக்காகவே பதிவு அமைப்புகள் ஒவ்வொரு திட்டத்தின் கிரெடிட்டிலும் ஒரு பங்கைப் பிடித்துப் பொது இருப்பில் வைக்கின்றன. ஆனால் அது அவர்களுக்கும் நிறுவனத்துக்கும் உள்ள ஏற்பாடு. எங்களுக்கு நீட்டப்பட்ட ஒப்பந்தத்தை விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மர எண்ணிக்கை குறைந்தால் விவசாயி சொந்தச் செலவில் மறுநடவு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. புயல், வெள்ளம் பற்றி ஒரு வரி கிடையாது.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இது. மாவட்டத்தில் சுற்றும் இந்த ஒப்பந்தங்களின் தமிழ்ப் படியை வாங்கி வேளாண்மைத் துறையும் வனத்துறையும் சேர்ந்து படித்துப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். இயற்கைச் சீற்றத்தில் மரம் போனால் விவசாயிக்குச் செலவோ அபராதமோ கிடையாது என்ற வரி இல்லாத ஒப்பந்தத்தை ஊருக்குள் விடாதீர்கள். மொத்த கிரெடிட்டில் விவசாயிக்கு எத்தனை பங்கு, அளவிட வருகிறவர்களின் செலவை யார் கொடுப்பது என்பதும் அதில் இருக்க வேண்டும். கூட்டுப் பட்டாவில் ஒரு பங்காளி மட்டும் கையெழுத்துப் போட்டால் செல்லுமா, குத்தகைக்கு எடுத்து நடுகிறவருக்குப் பங்கு உண்டா, பின்னால் பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போது இது வில்லங்கமாக நிற்குமா என்று வருவாய்த் துறை தெளிவாகச் சொல்லட்டும். ஒப்பந்தச் சாகுபடிக்குத் தமிழ்நாட்டில் 2019 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. கார்பன் ஒப்பந்தம் அதற்குள் அடங்குமா, அடங்காதா? அடங்காது என்றால் தகராறு வந்தால் நாங்கள் யாரிடம் போய் நிற்பது?

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதைத் தனிப் பொருளாக வையுங்கள். முகவர்களை அனுப்பும் நிறுவனங்களையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள். அதுவரை யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று ஊராட்சி அலுவலகங்களில் ஒரு அறிவிப்பு ஒட்டினால் போதும். மழைக்கு முன்பே இது நடக்க வேண்டும், நடவு தொடங்கிவிட்டால் கையெழுத்தும் கூடவே போய்விடும்.

இப்படிக்கு,
ஒரு சவுக்கு விவசாயி,
குறிஞ்சிப்பாடி வட்டம்