லாஸ் வேகஸிலிருந்து ஆன்டிலோப் கேன்யனுக்கு வேன் விடும் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

"சிறு குழு, ஒரே நாள், வழிகாட்டியுடன்" என்று விளம்பரம் செய்து, லாஸ் வேகஸ் ஹோட்டல் வாசல்களிலிருந்து அரிசோனாவின் பாலைவனப் பள்ளத்தாக்குகளுக்கு ஆட்களை அழைத்துப்போகும் பயண நிறுவனத்தார் அனைவருக்கும்,

வணக்கம். இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியாக வந்து சேரும். இங்கே தமிழில் எழுதக் காரணம் உண்டு. கோடை விடுமுறையில் உங்கள் வேன்களில் ஏறுகிறவர்களில் எங்கள் ஆட்களும் கணிசம். பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாவை இப்படியொரு பயணத்துக்கு அழைத்துப்போவது இங்கே வழக்கமாகிவிட்டது. பணம் கட்டும் முன் அவர்களும் இதைப் படிக்கட்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். ஆன்டிலோப் கேன்யன் என்பது நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் உள்ள, பாறைப் பிளவு போன்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கு. மழை அபாயம் என்று நவஹோ வழிகாட்டிகள் அதை மூடும் நாளில், உங்கள் ஓட்டுநரும் உங்கள் ரீஃபண்ட் விதியும் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும். இப்போது இரண்டும் எதிர்ப்பக்கம் நிற்கின்றன.

எதை வைத்துச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். ஓர் ஆகஸ்ட் நண்பகல், பள்ளத்தாக்குக்கு அருகிலுள்ள பேஜ் ஊருக்கு வெளியே எங்கள் வேன் போய் நின்றபோது, ஆன்டிலோப்பின் மேல், கீழ் என்ற இரு பகுதிகளில் கீழ்ப் பள்ளத்தாக்கை மூடிவிட்டதாகச் சொன்னார்கள். தெற்கே தூரத்தில் இடி மின்னலோடு மேகம் திரள்வதாக ரேடாரில் தெரிகிறதாம். எங்கள் தலைக்கு மேலே சுத்தமான நீல வானம். உங்கள் ஓட்டுநர் மைக்கைப் பிடித்து, "இவர்கள் அடிக்கடி இப்படித்தான், ஒரு பொட்டு மேகம்கூட இல்லை பாருங்கள்" என்றார். அவ்வளவுதான். வேனிலிருந்து இறங்கிய பாதிப் பேர் நேராக டிக்கெட் கவுண்டருக்குப் போய் அங்கிருந்த நவஹோ பெண்ணிடம் சண்டை பிடித்தார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "மழை இங்கே பெய்ய வேண்டியதில்லை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஊர் திரும்பியபின் நீங்கள் சொன்ன பதில்: வேன் ஓடிவிட்டது, பணம் வராது, வேண்டுமானால் அடுத்த பயணத்துக்குக் கூப்பன்.

1997 ஆகஸ்ட் 12-ஆம் தேதி அந்தக் கீழ்ப் பள்ளத்தாக்கில் என்ன நடந்தது என்று உங்கள் ஓட்டுநருக்கு யாரும் சொல்லவில்லையா? அன்றும் அங்கே மழை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பெய்தது மேல்நிலத்தில், சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி. அந்தத் தண்ணீர் பிளவுக்குள் புகுந்து வந்தபோது உள்ளே இருந்த 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிரான்சிலிருந்து வந்தவர்கள். அவர்களோடு இருந்தவர்களில் வழிகாட்டி ஒருவர் மட்டும் பிழைத்தார். அப்போது அங்கே இருந்தவை மர ஏணிகள். வெள்ளம் அவற்றையும் அடித்துக்கொண்டு போனது. இன்று நீங்கள் அழைத்துவரும் ஆட்கள் இறங்கும் இரும்புப் படிகள் பாறையில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருப்பதும், மேலிருந்து இறக்கிவிடக்கூடிய வலைகள் தயாராக இருப்பதும், கவுண்டரில் வானிலை ரேடியோ ஓடிக்கொண்டே இருப்பதும் அதற்குப் பின் வந்த ஏற்பாடுகள்.

இது ஏன் இப்படி என்பதையும் உங்கள் வேனிலேயே சொல்லலாம். நான்கரை மணி நேரம் ஓட்டுகிறீர்கள், நேரத்துக்கா பஞ்சம்? அந்தப் பாறை நவஹோ மணற்கல். ஜுராசிக் காலத்து மணல்மேடுகள் இறுகிக் கல்லானது. சுவரில் சாய்வாக ஓடும் கோடுகள், அன்றைய காற்று மணலை அடுக்கிய கோடுகள்தான். சுற்றியுள்ள நிலத்தில் மண்ணும் குறைவு, செடியும் குறைவு. பெய்கிற மழையைக் குடிக்க ஆளில்லை. எல்லாம் வழுக்கிக்கொண்டு கிடைத்த வாய்க்காலில் இறங்குகிறது. பரந்த வறண்ட ஓடை ஓரிடத்தில் திடீரென இரண்டு ஆள் அகலத்துக்கு ஒடுங்கும்போது, மணலைச் சுமந்த தண்ணீர் சுவரை இழைத்துக்கொண்டே போகிறது. அந்த வளைவுகளைச் செதுக்கியது இப்படி வந்த வெள்ளங்கள்தான், இன்னும் செதுக்கிக்கொண்டிருக்கின்றன. 2006 அக்டோபர் இறுதியில் வந்த ஒரு வெள்ளம் 36 மணி நேரம் ஓடியது. கீழ்ப் பள்ளத்தாக்கைச் சுத்தம் செய்து மறுபடி திறக்க ஐந்து மாதம் ஆனது.

ஆக, கவுண்டரில் இருந்த பெண் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

அடுத்தது, அது யாருடைய இடம் என்பது. உங்கள் விளம்பரத்தில் "எங்கள் வழிகாட்டி உங்களை ஆன்டிலோப் கேன்யனுக்குள் அழைத்துச்செல்வார்" என்று படிக்கும் ஒருவர், வேனில் பேசிக்கொண்டு வருபவரே உள்ளேயும் வருவார் என்று நினைப்பதில் தப்பில்லை. ஆனால் 1997 முதல் அது நவஹோ தேசத்தின் பூங்கா. அவர்களிடம் அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஒருவரும் உள்ளே கால் வைக்க முடியாது, உங்கள் ஆளும் சேர்த்து. வாசலில் எங்களை ஒப்படைத்துவிட்டு அவர் வேனில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் பெருமையாகச் சொல்லும் சிறு குழுவும் அங்கே கலைந்துவிடுகிறது. வேறு வண்டிகளில் வந்தவர்களோடு சேர்த்து நவஹோ நிறுவனம் புதிதாகக் குழு பிரிக்கிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை முன்கூட்டியே எழுதாமல் விடுவதில்தான் குறை. அந்த ஒரு மணி நேரம் எங்களை நடத்திச்சென்று, எந்த வளைவில் எந்த நேரத்தில் வெளிச்சம் விழும் என்று காட்டி, கடைசி ஆள் வெளியே வரும்வரை எண்ணிக்கொண்டே இருப்பவர் யார் என்று உங்கள் பக்கத்தில் ஒரு வரி இல்லை.

அந்த மக்களுக்கு இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் இருந்த நவஹோ அனல்மின் நிலையம் 2019 நவம்பரில் மூடப்பட்டது. அடுத்த மார்ச்சில் கோவிட் வந்து பூங்காக்களை மூடவைத்தது, 2021 ஜூலையில்தான் திறந்தார்கள். அத்தனை காலம் வருமானம் இல்லாமல் இருந்துவிட்டு வந்தவர்கள், ஆகஸ்ட் மாதக் கூட்டத்தை விளையாட்டுக்காகவா திருப்பி அனுப்புவார்கள்? மூடினால் முதல் நஷ்டம் அவர்களுக்குத்தான். பேஜ் ஊரே கிளென் கேன்யன் அணை கட்ட வந்த தொழிலாளர்களுக்காக 1957-இல், நவஹோக்களிடமிருந்து மாற்றாகப் பெற்ற நிலத்தில் எழுந்தது. அந்த அணைக்கு முன்னால் பத்து நிமிடம் நிறுத்திப் படம் எடுக்கச் சொல்கிறீர்களே, அப்போது இதையும் சொல்லலாம்.

இனி நேரக் கணக்கு. லாஸ் வேகஸிலிருந்து பேஜ் சுமார் 440 கிலோமீட்டர். போக நான்கரை, வர நான்கரை. ஒன்பது மணி நேரம் இருக்கையில், ஒரு மணி நேரம் பிளவுக்குள், முக்கால் மணி நேரம் கொலராடோ ஆறு லாடம்போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டில். இதை இப்படியே போட்டுவிட்டால் என்ன? வருகிறவர்கள் வரத்தான் செய்வார்கள், நானும் வருவேன். "நாள் முழுதும் பள்ளத்தாக்குகளில்" என்று போடுவதால்தான் திரும்பும் வழியில் கனாப் ஊரைத் தாண்டியதும் வேனுக்குள் முணுமுணுப்பு தொடங்குகிறது. அப்புறம், பயணிகளை ஏற்றும் வணிக வாகன ஓட்டுநர் 8 மணி நேர ஓய்வுக்குப் பின் 10 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, பணியில் 15 மணி நேரம் இருந்தபின் ஓட்டவே கூடாது என்பது கூட்டரசு விதி. உங்கள் திட்டம் அந்த எல்லையை ஒட்டியே போகிறது. பள்ளத்தாக்கு இரண்டு மணி நேரம் கழித்துத் திறக்கலாம் என்றாலும் உங்களால் காத்திருக்க முடியாமல் போவது அதனால்தான். ஓட்டுநர் எரிச்சலடைவதற்கும் இதில் பங்கிருக்கும் என்று நினைக்கிறேன்; அவர்மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனமில்லை. மழைக்காலத்தில் இதே பயணத்தைப் பேஜில் ஓர் இரவு தங்கும்படி மாற்றிப் பாருங்கள்.

கடிகாரக் குழப்பம் தனிக்கதை. அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவஹோ தேசம் மாற்றுகிறது, வழியில் வரும் யூட்டாவும் மாற்றுகிறது. ஆனால் ஆன்டிலோப் கேன்யன் டிக்கெட்டுகள் அரிசோனா நேரப்படி. செல்போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். கோடையில் லாஸ் வேகஸ் நேரமும் பேஜ் நேரமும் ஒன்றுதான், குளிர்காலத்தில் பேஜ் ஒரு மணி நேரம் முன்னே. "போனைப் பார்க்காதீர்கள், நான் சொல்லும் நேரத்துக்கு வாருங்கள்" என்று ஓட்டுநர் ஒரு தடவை சொன்னால் தீர்ந்தது.

மேல் பள்ளத்தாக்கா, கீழ்ப் பள்ளத்தாக்கா என்பதையும் பணம் வாங்கும் முன்பே சொல்லுங்கள். "ஆன்டிலோப்" என்று மொட்டையாகப் போடாதீர்கள். மேலது சமதரையில் நடந்து நுழைவது, சுமார் 200 மீட்டர். உச்சி வெயில் நேரத்தில் தூண்போல ஒளி இறங்குவது முக்கியமாக இங்கேதான், அதுவும் ஏறக்குறைய மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. கீழது அதைவிட இரண்டு மடங்கு நீளம், செங்குத்தான இரும்புப் படிகள், சில இடங்களில் உடம்பைத் திருப்பித்தான் போக வேண்டும். முழங்கால் வலியுள்ள எழுபது வயது அம்மாவை அந்தப் படிகளின் உச்சியில் நிறுத்தி "இறங்குகிறீர்களா?" என்று கேட்பது நியாயமில்லை. ஹார்ஸ்ஷூ பெண்டும் அப்படித்தான்: நிழல் குறைந்த பாதையில் போகவர 2.4 கிலோமீட்டர், விளிம்பிலிருந்து கீழே கொலராடோ ஆறு 300 மீட்டர் ஆழத்தில், கம்பித் தடுப்போ ஒரு பகுதியில் மட்டும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இது வேன் கதவு திறக்கும்போது தெரியவேண்டிய விஷயமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெள்ள அபாயத்தால் மூடினால் பள்ளத்தாக்குக் கட்டணம் முழுவதும் பணமாகவே திரும்பும், வேன் கட்டணத்தில் இவ்வளவு திரும்பும் என்று எண்ணைப் போட்டு எழுதுங்கள். முழுதும் தர முடியாவிட்டாலும் பரவாயில்லை, டீசலும் சம்பளமும் செலவாகியிருக்கும், புரிகிறது. ஆனால் முன்பே தெரிந்த நஷ்டத்தை மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். கூப்பனைக் கையில் திணித்தால் அந்தக் கோபம் நேராகக் கவுண்டரில் நிற்கும் பெண்மேல் பாய்கிறது. மூடிவிட்டால் எங்கே போவது என்றும் ஒரு மாற்றுத் திட்டம் வைத்திருங்கள். இன்னொரு ஒடுங்கிய பிளவு மாற்று ஆகாது, அதே மேகம் அங்கேயும் இறங்கும்.

ஓட்டுநர்களுக்கு 1997-ஐப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள். மைக்கில் அவர்கள் அதைச் சொன்னால் போதும், கவுண்டரில் யாரும் வாதாட மாட்டார்கள்.

அந்தப் பகுதியின் மழைக்காலக் கணக்கு ஜூன் 15-இல் தொடங்குகிறது. உங்கள் விதிமுறைப் பக்கத்தை அதற்குள் திருத்திவிட்டால், இந்தக் கோடைக்கு முன்பதிவு செய்பவர்கள் அதைப் படித்துவிட்டே பணம் கட்டுவார்கள்.

இப்படிக்கு,
கூப்பனை இன்னும் பயன்படுத்தாத ஒரு பயணி