புளிக்கு முன்னால் சாம்பல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், பித்தளை விளக்குகளைத் துலக்க எலுமிச்சைச் சாற்றையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் குழைத்துத் தேய்க்கலாம் என்று வெளியாகியிருந்தது. இரண்டும் சேர்ந்தால் நுரை பொங்கும். ஆனால் எலுமிச்சையின் புளிப்பும் சோடாவின் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால், கறுப்பை எடுக்க வேண்டிய புளிப்பின் வேகம் அங்கேயே அடங்கிவிடும். கும்பகோணத்தில் பாத்திரங்களுக்கு மெருகு போடும் பெரியவர் ஒருவர் எனக்குக் கற்றுத்தந்த முறையைத் தங்கள் வாசகர்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாச்சியார்கோவிலில் வார்த்த என் மாமியாரின் குத்துவிளக்கை, கார்த்திகைக்கு முந்தைய நாள் அவசரத்தில், கழிப்பறை கழுவும் அமிலத்தில் ஊறப்போட்டுவிட்டேன். கறுப்பு போயிற்று, ஆனால் தண்டு முழுவதும் இளஞ்சிவப்பாக மாறிவிட்டது. செம்பும் துத்தநாகமும் கலந்ததே பித்தளை என்பதும், கடும் அமிலம் மேற்பரப்பின் துத்தநாகத்தைத் தின்று செம்பை மட்டும் விட்டுவைக்கும் என்பதும் அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விளக்கைச் சக்கரத்தில் பிடித்து நிறத்தை மீட்டுத் தந்த பெரியவர், "எண்ணெய்ப் பிசுக்கை எடுக்காம எதைப் போட்டும் பிரயோசனம் இல்லம்மா, பிசுக்கு இருக்கிற இடத்துல புளி ஏறாது" என்றார்.

வரிசைதான் அவருடைய தொழில் நுணுக்கம். முதலில் சலித்த விறகுச் சாம்பலை வெந்நீரில் குழைத்து, தேங்காய் நாரால் திரிமுகங்களின் குழிவரை தேய்க்க வேண்டும். சாம்பலின் காரம் எண்ணெயைக் கரைத்துக்கொண்டு வந்துவிடும். நன்றாகக் கழுவிய பிறகே புளியும் உப்பும். பழம்புளியை உப்போடு பிசைந்து தேய்க்கையில் விரலுக்கடியில் விழுது கறுத்துக்கொண்டே வர, அதன் கீழே மஞ்சள் நிறம் தெளிவதைக் கண்ணால் காணலாம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் மென்மையானது. உலோகத்தின் மேல் படிந்த கறையைத் தளர்த்தி எடுக்க அதுவே போதும். ஆனாலும் புளியை ஊறவிடாமல் உடனே அலசி, ஈரம் சொட்டுக்கூட நில்லாதபடி பழைய பருத்தித் துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, இறுதியாக உலர்ந்த திருநீற்றால் ஒரு முறை தேய்க்க வேண்டும் என்பார். ஈரம் நின்ற இடத்தில் மறுநாளே புள்ளி விழுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இதே போல, நகை செய்யும் ஆசாரிகள் பூந்திக்கொட்டை ஊறிய நீரையும் மென்மையான தூரிகையையும் கொண்டே தங்கத்தின் அழுக்கை எடுப்பார்கள். முத்துப் பதித்த நகைகளில் எலுமிச்சை படவே கூடாது. முத்து சுண்ணாம்புச் சத்தால் ஆனது, புளிப்பு பட்டால் அதன் பளபளப்பு போய்விடும்.

கார்த்திகை நெருங்குவதால், தங்கள் குறிப்புகளை அச்சேற்றும் முன் இத்தொழிலில் இருப்பவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
கும்பகோணம்.