புடையன் பாம்பின் கடிக்கும் புதிய மருந்து தேட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

"எல்லாப் பாம்புக்கும் ஒரே மருந்து கண்டுபிடித்தாயிற்று" என்று 2025 மே மாதம் வந்த செய்தி இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, இங்கே மட்டக்களப்பின் படுவான்கரையில் பலர் அதை அப்படியே நம்பிவிட்டார்கள். வயலுக்குள் இறங்குகிற சனத்துக்கு இது உயிர் விஷயம், அதனால்தான் எழுதுகிறேன்.

டிம் ஃப்ரீட் என்ற அமெரிக்கர் பல வருடங்களாகத் தன் உடம்பிலேயே பாம்பு விஷத்தை ஏற்றிக்கொண்டவர். அவருடைய இரத்தத்திலிருந்து விஞ்ஞானிகள் விஷத்தைப் பிடித்து அடக்கும் இரண்டு பிறபொருளெதிரிகளை (antibodies) எடுத்து, வரெஸ்பிளாடிப் என்ற மருந்தையும் சேர்த்து, 19 வகைப் பாம்புகளின் விஷத்துக்கு எதிராகப் பரீட்சித்தார்கள். 13 வகைக்கு முழுப் பாதுகாப்பு, மீதி 6க்கு ஓரளவு. பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் பரீட்சித்தது எலிகளில், அந்த 19உம் நாகத்தின் குடும்பம். புடையன், அதாவது கண்ணாடி விரியன், அதில் இல்லை. அதே வருடம் ஜனவரியில், நோபல் பரிசு பெற்ற டேவிட் பேக்கரின் குழு கணினியில் வடிவமைத்து வெளியிட்ட புரதங்களும் நாகக் குடும்பத்து நச்சை அடக்கத்தான்.

காரணம் இருக்கிறது. நாகத்தின் நரம்பு நச்சுகள் சிறியவை, பாம்புக்குப் பாம்பு வடிவம் ஒத்துப்போகும், ஆகவே ஒரு பிறபொருளெதிரி பலவற்றைப் பிடித்துவிடும். புடையன் விஷமோ பல நொதியங்களின் (enzymes) கலவை, ஒன்றை அடக்கினால் இன்னொன்று இரத்தத்தை உறையவிடாமல் வேலையைக் காட்டும். இலங்கைப் புடையன் கடித்தால் கண்ணிமையும் தொங்கிவிடுகிறது, இந்தியாவில் எல்லா இடத்திலும் அப்படியில்லை. ஊருக்கு ஊர் விஷம் மாறும்.

இப்போது நமக்கு ஏற்றுகிற மருந்து இந்தியாவில் குதிரைக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் பிறபொருளெதிரிகளைப் பிரித்துச் செய்வது. 1890களில் தொடங்கிய முறை. பக்கத்து வளவு அண்ணனுக்கு அறுவடை நேரம் புடையன் கடித்தபோது ஆஸ்பத்திரியில் கூட நின்றேன். கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்த்தார்கள், தண்ணீர் மாதிரி ஓடியது. அப்புறம் குப்பி குப்பியாக வெள்ளைத் தூளைக் கரைத்து சேலைனில் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவருக்கு உடம்பு தூக்கிப்போட்டு நடுங்கியது, மேலெல்லாம் தடித்தது. அந்தத் தடிப்பு குதிரைப் புரதத்தை நம் உடம்பு ஏற்காததால் வருவது. அதற்காக மருந்தை வேண்டாமென்று யாரும் சொல்லிவிடாதீர்கள், அவர் இன்று உயிரோடு இருப்பது அதனால்தான், விஷகடி வைத்தியரிடம் போய் நேரத்தை விட்டிருந்தால் அதுவும் இல்லை. ஆனால் மனித பிறபொருளெதிரியாகச் செய்தால் இந்த ஒவ்வாமை வெகுவாகக் குறையும், அதனால்தான் இந்த ஆராய்ச்சி நமக்கு வேண்டும் என்கிறேன்.

நாடு முழுக்க வருடத்துக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிப்பதாகவும் 400 பேருக்கு மேல் இறப்பதாகவும் ஆய்வு சொல்கிறது. குழிமூக்கு விரியன் கடித்துச் சிறுநீரகம் போனவர்களுக்கு அந்த இந்திய மருந்து உதவாது, அந்தப் பாம்பின் விஷம் அதில் சேர்க்கப்படவே இல்லை. கோஸ்டா ரிக்கா நிறுவனம் ஒன்று இலங்கைப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு குழிமூக்கனையும் சேர்த்து மருந்து செய்து, ஆய்வுகூட முடிவை 2016இல் வெளியிட்டது. ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை.

வெளிநாட்டு ஆய்வுகூடங்கள் புடையனை எடுக்கும்போது எங்கள் பக்கத்துப் பாம்பின் விஷமும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் சேர்ந்து மட்டக்களப்பு, அம்பாறை வயல்களில் பிடிபடும் பாம்புகளின் விஷத்தை முறைப்படி சேகரித்து அதன் புரதங்களை ஆராயட்டும், சுகாதார அமைச்சு அதற்குப் பணம் ஒதுக்கட்டும். உங்கள் பத்திரிகையும் இதைப் பற்றி ஒரு டொக்டரிடம் கேட்டு விரிவாக எழுதினால் நல்லது, பெரும்போக வெட்டு தொடங்குவதற்கு முன்பே.

இப்படிக்கு,
ஒரு விவசாயியின் மகள்,
கொக்கட்டிச்சோலை