வாடகை வீடும் 2015 ஓட்டும்: ஹூஸ்டன் அண்ணா ஒருவருக்கு

அன்புள்ள அண்ணா,

கிளியர் லேக் வீட்டை, தங்களுக்குள் கல்யாணம் செய்துகொண்ட அந்த இரண்டு பெண்களுக்கும் வாடகைக்குக் கொடுக்க மனமில்லை என்று சொன்னீர்கள். உங்கள் வீடு, உங்கள் இஷ்டம் என்று விட்டிருப்பேன். ஆனால் காரணம் கேட்டதும் நேராக 2015 நவம்பரில் ஹூஸ்டனின் சமவுரிமைச் சட்டத்தின் மேல் நடந்த ஓட்டுக்குப் போய்விட்டீர்கள். "அப்பவே இந்த ஊரே வேண்டாம்னு ஓட்டுப் போட்டுச்சு, இப்ப ஸ்டேட்டே சட்டம் போட்டாச்சு, இன்னும் என்ன?" என்றீர்கள். போனில் பதில் சொன்னால் நமக்குள் சத்தம்தான் மிஞ்சும், பாதியில் அண்ணி போனை வாங்கிவிடுவார், அதனால் எழுதுகிறேன். பொதுவில் எழுதுவது ஏன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பெயரைப் போடவில்லை, பெயரை எடுத்துவிட்டால் இது சுகர்லேண்டிலும் பேர்லேண்டிலும் கேட்டியிலும் நம் ஆட்கள் எத்தனையோ பேருக்குப் பொருந்தும்.

முதலில் இந்த ஊர் எதை வேண்டாம் என்றது என்று பார்ப்போம். 2014 மே 28 அன்று ஹூஸ்டன் கவுன்சில் 11க்கு 6 என்று நிறைவேற்றிய சமவுரிமைச் சட்டம், ஹீரோ என்று சுருக்கிச் சொல்வார்களே, அதில் இன்ன காரணத்துக்காக ஒருவரை ஒதுக்கக்கூடாது என்று மொத்தம் 15 காரணங்கள் இருந்தன. இனம், நிறம், இனக்குழு, பிறந்த நாடு, மதம், பாலினம், வயது, கல்யாணம் ஆனதா இல்லையா, பிள்ளைகள் இருக்கிறார்களா, கர்ப்பம், மாற்றுத்திறன், ராணுவத்தில் இருந்தது, மரபணுத் தகவல், இதற்கெல்லாம் அப்புறம் பாலீர்ப்பு (யார் மேல் காதல் வருகிறது என்பது), பாலின அடையாளம் (தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ உணர்வது). வேலை, வீடு, கடை, ஓட்டல், நகராட்சிக் காண்டிராக்ட், இவைதான் இடங்கள். கோவில், சர்ச், மசூதிகளுக்கு விலக்கு. மீறினால் அபராதம், அதுவும் அதிகபட்சம் 5,000 டாலர். யாரையும் ஜெயிலில் போடுகிற சட்டம் இல்லை.

அந்தப் பட்டியலில் "பிறந்த நாடு" இருக்கிறதே, அது யாருக்காக என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில் தென்மேற்கு ஹூஸ்டனில் ஒரு அபார்ட்மெண்ட் மேனேஜர் உங்களை மேலும் கீழும் பார்த்து, காலி இல்லை என்று சொல்லி, பத்து நிமிஷம் கழித்து உங்கள் வெள்ளைக்கார சக ஊழியர் போய்க் கேட்டபோது சாவியை எடுத்துக் காட்டிய கதையை நீங்கள் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். "உங்க ஆளுங்க சமைச்சா வாசனை போகாது" என்று அவர் சொன்னதாக நீங்கள் நடித்துக் காட்டுவீர்கள், எல்லாரும் சிரிப்போம். வாடகைக்கு வீடு கொடுப்பதில் இப்படி ஒதுக்குவதைத் தடுக்கிற மத்திய வீட்டுச் சட்டம் அன்றைக்கும் இருந்தது, 1968லிருந்தே இருக்கிறது. நீங்கள் புகார் கொடுத்தீர்களா? வந்து இறங்கிய புதிதில் யார் மத்திய அரசுக்கு எழுதிப் போட்டுக்கொண்டு, வக்கீல் பிடித்துக்கொண்டு அலைவது? உள்ளூரிலேயே புகார் கொடுக்க ஒரு வழி வேண்டும் என்பதுதான் ஹீரோவின் பாதி நோக்கம். மத்திய சட்டத்தில் ஓட்டை இல்லாமலும் இல்லை. 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் பொது இடப் பிரிவு ஓட்டல், உணவகம், தியேட்டர் மாதிரி சிலவற்றைத்தான் சொல்கிறது, அந்தப் பிரிவில் பாலினம் என்பதே கிடையாது. பெண் என்பதற்காக ஒதுக்கினால் அண்ணிக்குக்கூட அதில் இடமில்லை.

இதையெல்லாம் யாரும் பேசவில்லை. பேசினதெல்லாம் கழிப்பறை. பாலின அடையாளம் என்று சொல்லிக்கொண்டு ஆண்கள் பெண்கள் கழிப்பறைக்குள் வந்துவிடுவார்கள் என்று பயமுறுத்தினார்கள்.

அந்த டிவி விளம்பரம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு சின்னப் பெண் பள்ளிக்கூடப் பையோடு பெண்கள் கழிப்பறைக்குள் போகிறாள், பின்னாலேயே ஒரு ஆள் நுழைந்து கதவைச் சாத்துகிறான். அவ்வளவுதான். அதைப் பார்த்த எந்தத் தாத்தாவுக்கும் வயிறு கலங்கும், உங்களுக்குக் கலங்கியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணியில் ஆடிய லான்ஸ் பெர்க்மன் வேறு தன் மகள்களைச் சொல்லி விளம்பரத்தில் பேசினார். "பெண்கள் கழிப்பறையில் ஆண்கள் வேண்டாம்" என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஆனால் அண்ணா, வரைவில் கழிப்பறையைப் பற்றித் தனியாக இருந்த ஒரு பத்தியை, நிறைவேற்றுவதற்கு முன்பே மேயர் எடுத்துவிட்டார். தவிர, கலாட்டா செய்கிற எண்ணத்தோடு எதிர்ப்பாலினத்தார் கழிப்பறைக்குள் நுழைவது ஹூஸ்டனில் பல காலமாகவே குற்றம், ஹீரோ அதைத் தொடக்கூட இல்லை. அந்த விளம்பரத்தில் வந்த ஆளைப் பிடித்து உள்ளே போட அன்றும் சட்டம் இருந்தது, இன்றும் இருக்கிறது. திருநங்கை ஒருவரைக் காட்டி விளம்பரம் எடுத்திருந்தால் அது எடுபட்டிருக்காது, அதனால்தான் பின்னாலேயே நுழைகிற ஒரு ஆளைக் காட்டினார்கள்.

சட்டத்தை ஆதரித்த எங்கள் பக்கமும் ஒழுங்கில்லைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். வாக்கெடுப்பு கேட்டு எதிர்த்தரப்பு ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தது, நகராட்சி வக்கீல் அதில் பாதிக்கு மேல் செல்லாது என்று தள்ளினார், விஷயம் கோர்ட்டுக்குப் போனது. அந்த வழக்கில் ஐந்து பாதிரியார்களின் பிரசங்கங்களைக் கொண்டுவா என்று 2014இல் நகராட்சித் தரப்பு சம்மன் அனுப்பியதே, அதைவிட மடத்தனம் இருக்க முடியாது. பிறகு வாபஸ் வாங்கினார்கள், ஆனால் போன மானம் வரவில்லை. சட்டத்தையே பிடிக்காதவர்களுக்கு "பாருங்கள், பிரசங்கத்துக்கே ஆபத்து" என்று சொல்ல நாமே மைக்கை எடுத்துக் கையில் கொடுத்தோம். 2015 ஜூலையில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ரத்து செய், இல்லையென்றால் ஓட்டுக்கு விடு என்றது. நவம்பர் 3 அன்று ஓட்டு. கழிப்பறை விளம்பரத்துக்கு முகத்துக்கு நேராகப் பதில் சொல்லாமல், வியாபாரம் கெடும், ஊர்ப்பேர் கெடும் என்று சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டிருந்தது ஆதரவுத் தரப்பு. 61 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நான் சுகர்லேண்டில் இருந்ததால் எனக்கு ஓட்டே இல்லை, நீங்கள் கிளியர் லேக்கில் இருந்ததால் உங்களுக்கு இருந்தது.

அப்போது மேயராக இருந்த ஆனீஸ் பார்க்கரை உங்களுக்குப் பிடிக்கும், தணிக்கை அதிகாரியாக இருந்தபோது கணக்கை ஒழுங்காக வைத்தவர் என்று நீங்களே சொல்வீர்கள். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட ஒருவரை மேயராக்கிய நாட்டின் முதல் சில பெருநகரங்களில் இந்த ஊரும் ஒன்று. 1985 ஜனவரியில் இதே ஊர், நகராட்சி ஊழியர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பைக் கொடுக்கலாமா என்ற ஓட்டில் நாலுக்கு ஒன்று என்று மறுத்தது. அதே ஊர் அப்புறம் பார்க்கரை மூன்று தடவை மேயராக்கியது. ஆகவே ஊர் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான் என்று நீங்கள் சொல்வது ஹூஸ்டனுக்குச் செல்லாது.

பேத்திக்காகத்தான் அப்படி ஓட்டுப் போட்டேன் என்றீர்கள். உங்கள் பேத்தி இருப்பது டல்லாஸ் நகர எல்லைக்குள். அங்கே 2002லிருந்து இதே மாதிரிச் சட்டம் இருக்கிறது. நம் ஊர் ஓட்டு முடிந்த அடுத்த வாரமே அங்கத்திய கவுன்சில் அதில் பாலின அடையாளத்தை இன்னும் தெளிவாக எழுதித் திருத்தியது. வருஷத்துக்கு நாலு தடவை அங்கே போய் வருகிறீர்கள், பேத்தியை மாலுக்கும் மிருகக்காட்சி சாலைக்கும் கூட்டிப்போகிறீர்கள். ஒரு நாளாவது அங்கே பயந்தீர்களா?

அடுத்தது, ஸ்டேட் போட்ட சட்டம். 2025இல் கவர்னர் கையெழுத்திட்டது அரசுக் கட்டடங்கள், அரசுப் பள்ளிகள், சிறைகள் மாதிரி இடங்களின் கழிப்பறை பற்றியது. வாடகை வீட்டைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. உங்கள் கிளியர் லேக் வீட்டில் இருப்பது இரண்டரை பாத்ரூம், அதில் யார் எதற்குள் போகிறார்கள் என்று ஆஸ்டினில் இருக்கிற ஸ்டேட் அரசுக்குக் கவலை இல்லை. வரப்போகிற இருவரும் பெண்கள் வேறு. கழிப்பறையை எடுத்துவிட்டால் உங்கள் கையில் வேறு என்ன காரணம் மிச்சம் இருக்கிறது? இதைத்தான் நான் கேட்க வந்தேன்.

எனக்குத் தெரிந்த வரையில் மிச்சம் இருப்பது "நாலு பேர் என்ன சொல்வாங்க". வெள்ளிக்கிழமை மீனாட்சி கோவிலில் யாராவது, உன் வீட்டில் யார் குடியிருக்கிறது என்று கேட்பார்கள். கேட்கட்டுமே. திருநங்கையர் நல வாரியத்தை இந்தியாவிலேயே முதலில், 2008இல், வைத்தது நம் தமிழ்நாடு என்று பொங்கல் விழா மேடையில் மைக்கைப் பிடித்துப் பெருமையாகப் பேசினவர் நீங்கள். அந்தத் தமிழ்நாட்டிலும் ஒரு திருநங்கை வாடகைக்கு வீடு தேடிப் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாரியம் வேறு, வீட்டுக்காரர் வேறு.

சட்டத்தைக் காட்டி மிரட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மிரட்டவும் வழியில்லை. மூன்று வீட்டுக்கு மேல் இல்லாத, புரோக்கர் வைக்காத சொந்தக்காரருக்கு மத்திய வீட்டுச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. 2020 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று சொன்ன தீர்ப்பு வேலைக்குத்தான். தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக, அந்த இருவரில் மதுரைக்காரியான பெண்ணை அவள் ஆஸ்பத்திரி வேலையை விட்டுத் தூக்க முடியாது, நீங்கள் தாராளமாக வீட்டை மறுக்கலாம். எல்லாம் உங்கள் மனசைப் பொறுத்ததுதான்.

வீடு பார்க்க வந்த அன்று நானும் இருந்தேன். இருவரும் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றினார்கள். கிரெடிட் ஸ்கோர், பே ஸ்டப், பழைய வீட்டுக்காரரின் கடிதம், எல்லாம் ஒரே ஃபைலில் அடுக்கி வைத்திருந்தார்கள். பின்பக்கம் அண்ணி தொட்டியில் வைத்த கறிவேப்பிலையைப் பார்த்து, குளிர் வந்தால் இதை உள்ளே எடுத்து வைக்க வேண்டுமா, இல்லை போர்த்தினால் போதுமா என்று மதுரைக்காரி கேட்டாள். 2021 பிப்ரவரிப் பனியில் மூன்று செடி போனதை அண்ணி அரை மணி நேரம் சொன்னார். நீங்கள் அப்போது கராஜில் இருந்தீர்கள். "நல்ல பிள்ளைங்க" என்று அவர்கள் போன பிறகு நீங்கள்தான் சொன்னீர்கள், இருவரும் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்பது விண்ணப்பத்தைப் படித்த பிறகுதான் உங்களுக்குத் தெரிந்தது. அதற்கு முந்தின நிமிஷம் வரை வீடு அவர்களுக்குத்தான்.

வெப்ஸ்டரில் வேறு ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள், திங்கட்கிழமை அங்கே லீஸில் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிறு ராத்திரிக்குள் முடிவைச் சொல்லிவிடுங்கள். முடியாது என்றால் அதையும் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள், என்னை விட்டுச் சொல்லச் சொல்லாதீர்கள். வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று, காலி இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். அவர்கள் நம்பர் அண்ணியிடம் இருக்கிறது.

அன்புடன்,
சுகர்லேண்டிலிருந்து உங்கள் தம்பி