கதிருக்கு எந்தக் கார்டு?

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. கதிர் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளமும் வாங்கிவிட்டான் என்று அம்மாவிடம் சொன்னால், "அந்த மூக்கொழுகிப் பயலா?" என்கிறார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியலில் யார் அழுகிறார்கள் என்பது தெளிவாகத் தெரிகிறதாம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பேங்க்காரர்கள் தினமும் கதிருக்குப் போன் போட்டுக் கிரெடிட் கார்டு வாங்கிக்கொள் என்கிறார்கள், அண்ணனோ அது கந்துவட்டி, வீட்டுப் பக்கமே வரக் கூடாது என்கிறார் என்று எழுதியிருந்தாய். பில்லில் பாக்கி வைக்கிறவனுக்கு அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. மாதாமாதம் முழுசாகக் கட்டுகிறவனுக்கு அது வட்டியில்லாக் கைமாற்று. கதிர் இதில் எந்த ரகம் என்று உனக்குத்தான் தெரியும். அதை முடிவு செய்துவிட்டுக் கார்டு ரகத்துக்குப் போகலாம்.

முதலில் அவனுக்குத் தேதிக் கணக்கைச் சொல்லிக் கொடு. பில் 5-ஆம் தேதி போடுகிறார்கள், கட்டக் கடைசி நாள் 25 என்று வைத்துக்கொள். ஜூன் 6-ல் வாங்கிய பொருள் ஜூலை 5 பில்லில்தான் வரும். ஜூலை 25 வரை, கிட்டத்தட்ட ஐம்பது நாள், வட்டி கிடையாது. அதையே ஜூலை 4-ல் வாங்கினால் மூன்று வாரம்தான். பில் தேதி சம்பளத் தேதியோடு ஒத்துவராவிட்டால் ஒரு தடவையாவது மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். ரிசர்வ் வங்கி விதியிலேயே அது இருக்கிறது.

அப்புறம் பில்லில் 'மினிமம் டியூ' என்று ஒரு வரி இருக்கும். ஆளைக் கவிழ்ப்பது அதுதான். எங்கள் ஆபீஸில் ஒரு பையன், போன் வாங்கி 40,000 ரூபாய் பில். மினிமம் 2,000 கட்டினால் போதும் என்றிருந்ததும் நிம்மதியாகக் கட்டிவிட்டான். அவன் பில்லை வாங்கிக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பாக்கி 38,000. மாதம் 3.5 சதவீதம் வட்டி, 1,330 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 239 ரூபாய். அடுத்த மாதமும் 2,000 கட்டினால் அசலில் கழிவது 430 சொச்சம்தான்! இது போக, முதல் பில்லின் வட்டியையும் போன் வாங்கிய நாளிலிருந்தே கணக்குப் போட்டுச் சேர்ப்பார்கள். பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் சோப்பு, சீப்புக்கும் அந்த ஐம்பது நாள் சலுகை கிடையாது. அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

வருடத்துக்குப் பார்த்தால் 42 சதவீதம்டி. 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொல்லியிருந்தது. அதையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதனால் கார்டு கைக்கு வந்த அன்றே, சம்பளக் கணக்கிலிருந்து 'டோட்டல் டியூ', அதாவது பில் தொகை முழுவதும், ஆட்டோ டெபிட்டில் தானாகவே போகும்படி எழுதிக் கொடுத்துவிடச் சொல். தப்பாக மினிமம் டியூ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு வந்து நிற்கப் போகிறான். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் சொருகிப் பணம் எடுக்கவே கூடாது. அதற்குத் தனிக் கட்டணம், வட்டியும் எடுத்த நாளிலிருந்தே ஓடும்.

இனி ரகங்கள். கேஷ்பேக் கார்டு, பாயிண்ட் கார்டு, பெட்ரோல் கார்டு, விமானப் பயணக் கார்டு, ஏதோ ஒரு ஷாப்பிங் ஆப்போடு சேர்ந்த கார்டு என்று அடுக்குவார்கள். ஏர்போர்ட் லவுஞ்சில் இலவசச் சாப்பாடு என்று ஆசை காட்டுவார்கள். நம்ம கதிர் ஊருக்கு வருவது நெல்லை எக்ஸ்பிரஸில். பைக்கில் ஆபீஸ் போகிறவனுக்குப் பெட்ரோல் கார்டிலும் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. வருடக் கட்டணம் இல்லாத சாதாரண கேஷ்பேக் கார்டு ஒன்றே அவனுக்குப் போதும். விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நம் நாட்டு ரூபே கார்டு என்றால் யுபிஐயில் இணைத்துக் கடைகளில் க்யூஆரை ஸ்கேன் செய்தே கட்டலாம், வசதிதான். ஆனால் டீ, வடையெல்லாம் கடன் கணக்கில் ஏறும், மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்க்கும்போதுதான் தெரியும். நானாக இருந்தால் இணைக்க மாட்டேன்.

செலவு லிமிட் ஒரு லட்சம் கொடுத்தாலும் முப்பதாயிரத்துக்குள் நிற்பது நல்லது, இல்லாவிட்டால் சிபில் ஸ்கோர் அடிபடலாம். கடனை எப்படிக் கட்டுகிறோம் என்று பார்த்துப் போடும் மார்க் அது, 300-லிருந்து 900 வரை; நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கப் போனால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். வருடத்துக்கு ஒரு முறை அந்த ரிப்போர்ட்டை இலவசமாகவே வாங்கிப் பார்க்கலாம்.

உனக்கும் ஒன்று வேண்டும், டியூஷன் வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லையே என்று கேட்டிருந்தாய். ஃபிக்சட் டெபாசிட்டை ஈடாக வைத்துக் கார்டு தருகிறார்கள். டெபாசிட்டுக்கு வட்டி வந்துகொண்டே இருக்கும், லிமிட் மட்டும் பெரும்பாலும் அந்தத் தொகையைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கதிர் கார்டிலேயே உனக்கு 'ஆட்-ஆன்' என்று ஒரு துணைக் கார்டு வாங்கலாம்தான், ஆனால் நீ வாங்குகிற புடவைக்கு அவன்தான் பொறுப்பு. உனக்கு அது சரிப்பட்டு வராது, தெரியும்.

கேட்காமலே யாராவது கார்டு அனுப்பிவிட்டால் பயப்படாதே. ஓடிபி சொல்லாதே, அவ்வளவுதான். சம்மதமில்லாமல் கார்டு கொடுத்துக் கட்டணமும் போட்டால், அதைத் திருப்பித் தருவதோடு இரண்டு மடங்கு அபராதமும் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டிருக்கிறது. பாக்கியில்லாத கார்டை மூடச் சொல்லி ஏழு வேலை நாளில் மூடவில்லை என்றால் நாளுக்கு 500 ரூபாய் அவர்கள் உனக்குத் தர வேண்டும். அண்ணனிடம் இதைச் சொல், மனம் குளிர்வார்.

அடுத்த தடவை போன் வந்தால், வருடக் கட்டணம், வட்டி, லேட் ஃபீஸ் மூன்றையும் மெயிலில் அனுப்பச் சொல்லிக் கதிரிடம் சொல். வந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிடு, பார்த்துச் சொல்கிறேன். தை மாதம் அக்கா பெண்ணுக்குக் கல்யாணம், பத்திரிகை தனியாக வரும். இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடு.

அன்புடன்,
சுமதி